இரண்டு ரப்பர் மூடிகள்

மாமனார் இன்று மறுபேச்சு பேசாமல் பஸ் சாவியை வாங்கிக்கொண்டு போனதிலிருந்து மருமகளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

சும்மா சொல்லக்கூடாது, அவர் லேசுப்பட்ட ஆளில்லை. முப்பது வருஷமாக பஸ் ஓட்டுகிறார். டிப்போவில் அவருக்குப் பெயரே ‘சந்தேகம்’. யார் பழுது பார்த்த வண்டியானாலும் சரி, கை பிரேக்கைப் போட்டுக்கொண்டு, கியரைத் தட்டி ஆக்சிலேட்டரை மிதித்து, வண்டி நகர்கிறதா என்று மூன்று தடவை பார்ப்பார். நகராமல் முக்கினால்தான் வெளியே எடுப்பார். மற்ற மெக்கானிக்குகள் சிரித்துவிட்டுப் போவார்கள். மருமகளும் அங்கே மெக்கானிக்தான். தன் வேலையை வீட்டுப் பெரியவரே நாலு பேர் முன்னால் உரசிப் பார்த்தால் ரோஷம் வராதா? இன்று காலை வந்துவிட்டது.

“நான் பாத்த வண்டிய இன்னும் எத்தனை தடவைதான் சோதிப்பீங்க மாமா? என் மேல நம்பிக்கை இல்லன்னா வேற வண்டி கேட்டு வாங்கிக்குங்க.”

அவர் அவளைப் பார்த்தார். பல்லைக் காட்டிக்கொண்டு நின்ற மற்றவர்களையும் பார்த்தார். “சரிம்மா” என்று ஏறி, சோதிக்காமலே ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஒன்பதரைக்கு டீ குடித்துவிட்டு வாயைத் துடைக்கக் கைக்குட்டையைத் தேடினாள். சட்டைப்பையில் விரலுக்குத் தட்டுப்பட்டவை இரண்டு ரப்பர் மூடிகள். இந்நேரம் பஸ்ஸுக்கு அடியில் இருக்க வேண்டியவை.

காரில் எண்ணெய்தான் பிரேக்கைத் தள்ளும். எண்ணெய் ஒழுகிப்போனால் பிரேக்கும் போச்சு. பஸ்ஸின் கை பிரேக் அதற்கு நேர் எதிர். பின்சக்கரங்களுக்குப் பக்கத்தில் ஆளுக்கொரு டப்பா, உள்ளே முரட்டு ஸ்பிரிங். அது எப்போதும் பிரேக்கை அழுத்தத் துடித்துக்கொண்டிருக்கும். காற்றழுத்தம் அதைத் தள்ளிப் பிடித்தால்தான் சக்கரம் உருளும். காற்று போனால் ஸ்பிரிங் கவ்விக்கொள்ளும். நேற்று காற்றுக்குழாய் வெடித்து இந்த பஸ் நடுரோட்டில் அப்படித்தான் நின்றது. கட்டி இழுத்து வருவதற்காக அவள் அடியில் படுத்து, டப்பாக்களின் ரப்பர் மூடிகளைக் கழற்றி, நீளமான போல்ட்டை உள்ளே விட்டு முறுக்கி, இரண்டு ஸ்பிரிங்கையும் கட்டிப்போட்டாள். குழாயை மாற்றியதும் போல்ட்டுகளை எடுத்துவிட்டு மூடியைப் போட வேண்டும். இன்று காலை குழாயை மாற்றி முடித்த அந்த நேரத்தில்தான் மாமனார் வந்தார். அவரை ஜெயித்த குஷியில் போல்ட்டுகளைச் சுத்தமாக மறந்துபோனாள்.

ஓடும்போது ஒன்றும் தெரியாது. கால் பிரேக் காற்றில் கச்சிதமாகப் பிடிக்கும். கை பிரேக்கைப் போட்டால் காற்று வெளியேறும் ‘புஸ்’ என்ற சத்தம்கூட வழக்கம்போல வரும். பிடிப்பு மட்டும் இருக்காது. அவருடைய கடைசி நிறுத்தம் மேட்டில், ஆஸ்பத்திரி வாசலில். அங்கே கை பிரேக்கைப் போட்டுவிட்டு இறங்கிக் கால் மணி நேரம் உலாத்துவார். பின்னால் இறக்கம் முழுக்க நோயாளிகளும் தள்ளுவண்டிகளும்.

போன் அடித்தாள். வண்டி ஓட்டும்போது போனைத் தொடாத மனுஷன் அவர். இரண்டு மரக்கட்டைகளை டிப்போ வேனில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். வழியெல்லாம் தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். பெரிய இவ மாதிரி பேசினாயே, அந்த ஒரு சோதனையைச் செய்ய விட்டிருந்தால் அங்கேயே தெரிந்திருக்குமே!

மேட்டை அடைந்தபோது பஸ் நின்றுகொண்டிருந்தது. எஞ்சின் ஓடியது. உள்ளே பயணிகள் இல்லை. மாமனார் மட்டும் ஜன்னலில் தலையை நீட்டிக் கத்திக்கொண்டிருந்தார்.

“பின்னாடி நிக்காதீங்க! தள்ளிப் போங்க!”

“இந்த ஆளுக்கு என்ன கேடு?” என்று ஒரு பெண் முணுமுணுத்தாளே தவிர, நகரவில்லை.

மருமகள் ஓடிப்போய்ப் பின்சக்கரங்களுக்கு அடியில் கட்டைகளைச் செருகினாள். பிறகு டிரைவர் ஜன்னலுக்கு வந்தாள்.

“கை பிரேக் புடிக்கலம்மா,” என்றார். “எந்திரிக்கப் போனேன், ரெண்டடி பின்னால போயிருச்சு. அப்பலேருந்து மிதிச்ச காலை எடுக்கல. ஒரு வயசான அம்மா மயிரிழையில தப்பிச்சாங்க.”

“என் தப்புதான் மாமா. போல்ட்ட கழட்ட மறந்துட்டேன்.”

அவர் திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டியிருந்தால் தேவலை. “போய்க் கழட்டு,” என்று மட்டும் சொன்னார்.

அடியில் ஊர்ந்தாள். அவசரத்தில் ஸ்பானர் இரண்டு தடவை நழுவியது. போல்ட்டுகளைக் கழற்றி, மூடிகளை அழுத்திப் போட்டாள். கை பிரேக்கை எடுத்துவிட்டு மறுபடி போடச் சொல்லிக் கத்தினாள். ‘புஸ்’ கேட்டது, இந்த முறை பிரேக் கவ்வியதைக் கண்ணாலேயே பார்த்தாள். வெளியே வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“புடிச்சிருச்சு மாமா. காலை எடுங்க.”

அவர் எடுக்கவில்லை. பாதம் பெடலை விட்டு அசையவில்லை.

“எடுக்கணும்னுதான் பாக்கறேன்,” என்றார். “முடியலம்மா.”

காலையாக இருந்தால் பொரிந்து தள்ளியிருப்பாள். இப்போது அவள் மனசில் ரோஷம் துளிகூட இல்லை, வெட்கம்தான் இருந்தது. மருமகள் பார்த்த வேலை என்று அவர் நம்பிய ஒரே நாளில் அவர் வண்டியை ஒரு கிழவி மேல் ஏற்ற இருந்தாளே.

“எடுக்காதீங்க மாமா,” என்றாள். “எனக்கே இப்ப என் மேல நம்பிக்கை இல்ல. இன்னொரு தடவை பாத்துட்டு வரேன்.”

ஸ்பானரை எடுத்துக்கொண்டு மறுபடி பஸ்ஸுக்கு அடியில் போனாள்.