ஒரே ஒரு மங்கள வார்த்தை

மாதா கோயிலில் மணி அடிப்பது, கதவு திறப்பது, மெழுகுவர்த்தி ஏற்றுவது, மைக் போடுவது எல்லாம் சாவியண்ணன்தான். இடுப்பில் எந்நேரமும் சாவிக்கொத்து தொங்குவதால் அந்தப் பெயர். சாமிக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு இவரளவுக்குச் சாமிக்கு டிமிக்கி கொடுத்த ஆள் வேறு யாரும் இருக்க முடியாது. பூசையில் நற்கருணை அப்பம் கொடுக்கும் நேரம் வந்தால் மனுஷனுக்கு எங்கிருந்துதான் வேலை முளைக்குமோ! சன்னல் கொக்கி ஆடும், பின்வாசலில் நாய் நுழைந்திருக்கும். செய்த பாவத்தை ஃபாதரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனம் என்று காதில் விழுந்தாலோ, ஆள் அந்தப் பக்கமே தலைகாட்ட மாட்டார். பல வருஷமாக இப்படியே ஓட்டிவிட்டார்.

அன்று காலைப் பூசையில் இளம் ஃபாதர், "பூச முடிஞ்சதும் பாவசங்கீர்த்தனம் கேக்கப் போறேன், எல்லாரும் வாங்க" என்று அறிவித்துவிட்டு, நேராகச் சாவியண்ணனைப் பார்த்துச் சிரித்தார். அவ்வளவுதான். கடைசிப் பாட்டு முடிவதற்குள் சாவியண்ணன் ஏணியைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடிவிட்டார். அங்கே கம்பத்தில் ஒரு பல்ப். அதைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக நின்றார். நல்ல பல்புதான், பாவம்.

பூசை முடிந்ததும் பீடத்துக்குப் பின்னால் இருக்கும் சக்ரீஸ்து அறைக்குள் போய் மைக் பெட்டியை அணைப்பது அவர் வேலை. அணைக்கவில்லை. ஃபாதரும் கழுத்தில் மாட்டிய குட்டி மைக்கை மறந்து அப்படியே பாவசங்கீர்த்தனத் தொட்டி என்கிற மரக்கூண்டுக்குள் போய் உட்கார்ந்துவிட்டார். சாவியண்ணன் தலைக்கு மேலே இருந்த கூம்பு ஸ்பீக்கர் கரகரத்தது.

"பயப்படாதீங்க. சொல்லுங்க."

சாவியண்ணனுக்கு ஏணி ஒரு ஆட்டம் ஆடியது. எதிரே முடிதிருத்தகத்தில் ஓடிக்கொண்டிருந்த கத்தி நின்றது. பக்கத்து இஸ்திரிக் கடைக்காரர் பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார். உள்ளே முழந்தாளிட்டிருந்தவர் யார், என்ன சொன்னார் என்று ஒன்றும் கேட்கவில்லை. அந்த மட்டும் கடவுள் காப்பாற்றினார். ஃபாதர் பேசியது மட்டும் தெரு முழுக்கக் கேட்டது.

"அதையா இவ்வளவு நாளா மனசுல போட்டு வச்சிருந்தீங்க?"

உள்ளே இருந்தவர் ஏதோ கேட்டிருக்க வேண்டும்.

"இல்லல்ல, ஆண்டவரு கோவமா உக்காந்திருக்காருன்னு யாரு சொன்னா? நீங்க எப்ப வருவீங்கன்னு வாசலையே பாத்துட்டு இருக்காரு. நீங்க வீட்ட விட்டுக் கெளம்புறதுக்கு முன்னாடியே மன்னிச்சாச்சு."

உடனே இறங்கி ஓடியிருக்க வேண்டும். நியாயம் அதுதான். ஆனால் கால் அசையவில்லை. நமக்கே சொன்ன மாதிரி இருக்கிறதே என்று அப்படியே நின்றுவிட்டார். பிறகுதான் சுரணை வந்து, "ஐயையோ!" என்று அலறியடித்துக்கொண்டு இறங்கி, சக்ரீஸ்துக்குப் பாய்ந்து பெட்டியை அணைத்தார்.

விஷயத்தை ஃபாதரிடம் சொல்லியாக வேண்டுமே! தொட்டியிடம் ஓடினால், அங்கே வரிசை. இஸ்திரிக்காரர், அவருக்குப் பின்னால் முடிதிருத்துபவர், அவருக்குப் பின்னால் பாதி முகத்தில் நுரையோடு அவருடைய வாடிக்கையாளர்.

"வழி விடுங்கப்பா, ஃபாதர்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."

"நாங்க மட்டும் வேடிக்கை பாக்கவா நிக்கிறோம்?" என்றார் முடிதிருத்துபவர். "என் கதைய யாரோ போய் ஃபாதர்கிட்ட போட்டுக் குடுத்திருக்காங்க. வரிசையில நில்லுங்கண்ணே."

"உங்க கதையா? அது என் கதைய்யா!" என்றார் நுரைக்காரர்.

சாவியண்ணன் நுரைக்காரருக்குப் பின்னால் போய் நின்றார். இத்தனை வருஷம் தப்பித்து ஓடிய மனுஷன் இப்படி வகையாக மாட்டிக்கொண்டார். அவர் முறை வந்ததும் பழக்கதோஷத்தில் முழங்கால் தானாக மடங்கிவிட்டது.

"ஃபாதர், மைக்க அணைக்க மறந்துட்டேன். நீங்க பேசுனது தெருவுக்கே கேட்டுடுச்சு."

ஃபாதருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னண்ணே சொல்றீங்க! அவங்க பேசுனது?"

"அது கேக்கல. உங்க குரல் மட்டுந்தான்."

"அப்பாடா! வயித்துல பால வார்த்தீங்க. அது சரி, நீங்க எங்க போனீங்க?"

"பல்பு மாத்திட்டு இருந்தேன்."

"விடிஞ்சதுக்கு அப்புறமா?"

சாவியண்ணனால் அதற்கு மேல் சமாளிக்க முடியவில்லை. "உங்களுக்குப் பயந்துதான் ஓடுனேன் ஃபாதர்" என்றார். பிறகு எல்லாம் கொட்டிவிட்டது. அம்மாவைச் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்று அக்கா ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள். அந்தக் கோபத்தில், அம்மா சாகக் கிடந்தபோது அக்காவுக்குத் தகவல் சொல்லவில்லை. அம்மா பெரியவளைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். அடக்கம் முடிந்த பிறகு வந்து விழுந்து அழுத அக்காவிடம், "திடீர்னு போயிட்டாங்க" என்று கூசாமல் சொல்லிவிட்டார். அவளும் நம்பிவிட்டாள். ஒவ்வொரு வருஷமும் நினைவு நாளில் ஃபோன் போட்டு, "எனக்குத்தான்டா குடுத்து வைக்கல" என்று அழுகிறாள்.

ஃபாதர் எல்லாவற்றையும் கேட்டு முடித்தார். பிறகு மன்னிப்பு வழங்கிவிட்டு, "அபராதமா ஒரே ஒரு மங்கள வார்த்தை, அதான் அருள் நிறைந்த மரியே செபம், சொல்லுங்க" என்றார்.

சாவியண்ணனுக்குச் சுருக்கென்றது. "ஒண்ணா? ஃபாதர், நான் செஞ்சது உங்களுக்குச் சரியாப் புரிஞ்சுதா? முழு செபமாலையாவது குடுங்க. முழங்கால்லயே கோயில சுத்தி வரச் சொல்லுங்க, வரேன்."

"பேரம் பேசுற எடமாண்ணே இது? மன்னிக்கிறது அவரு. அவருக்கு இவ்வளவு போதுமாம். போங்க, ஆனா நிறுத்தி நிதானமாச் சொல்லுங்க."

முணுமுணுத்துக்கொண்டே போய் மாதா சுரூபத்தின் முன்னால் மண்டியிட்டார். தூக்கத்தில் எழுப்பினாலும் ஒரே மூச்சில் ஒப்பிக்கிற செபம். நிதானமாகத்தான் ஆரம்பித்தார். 'பாவிகளாகிய எங்களுக்காக' வரைக்கும் சிக்கலில்லை. 'எங்கள் இறப்பின் வேளையிலும்' என்ற இடத்தில் நின்றுவிட்டது. அம்மாவின் கட்டில், வாசல் பக்கமே திரும்பியிருந்த அவள் முகம். மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். மறுபடி அதே இடம். ஒரே ஒரு மங்கள வார்த்தையை முடிக்க முடியாமல் அந்த மனுஷன் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

எழுந்து வெளியே வந்து அக்காவுக்கு ஃபோன் போட்டார்.

"என்னடா, அதிசயமா நீயே கூப்புடுற? ஒடம்புக்கு ஏதாவதா?"

"அக்கா, அம்மா திடீர்னு போகல. மூணு நாளு கெடந்தாங்க. உன்னத்தான் கேட்டாங்க. நான்தான் உனக்குச் சொல்லல. வேணும்னே சொல்லல."

 திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது. இனி தாங்காது என்று காதிலிருந்து ஃபோனை எடுக்கப் போனார்.

"வச்சிடாதடா" என்றாள் அக்கா. குரல் உடைந்திருந்தது. "உங்கிட்ட அப்புறம் பேசிக்கிறேன். அம்மா என்னைய என்னன்னு கூப்புட்டாங்க? மொதல்ல அதச் சொல்லு."