தக்கைச் சுவர்

1

இன்னும் நாற்பத்தோரு மணி நேரம் இருக்கிறது. அதற்குள் இந்தக் கதையை எழுதி முடிக்க வேண்டும்.

இது எப்படிப் பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் அக்காவும் அத்தானும் நகரத்தின் நடுவில் ஒரு வீடு வாங்குகிறார்கள். நூறு வருடத்துக்கு முந்தைய குளிர்பதனக் கிடங்கு அது. ஒரு காலத்தில் பழமும் மீனும் அடுக்கி வைத்திருந்த கட்டடத்தை இப்போது வீடுகளாகப் பிரித்து விற்கிறார்கள். நேற்று இருவரும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். போட்டதிலிருந்து மூன்று நாளுக்குள் இருவரில் ஒருவர் வேண்டாம் என்று சொன்னால் போதும், ஒப்பந்தம் ரத்தாகிவிடும். காரணம்கூடக் கேட்க மாட்டார்களாம்.

அக்கா வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கதை.

நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. எழுதி அனுப்பினால் படிப்பாள். என் கதைகளைப் படிக்கும் ஒரே ஆள் அவள்தான். (நீங்களும் இதைப் படிக்கிறீர்கள் என்றால், கதை அவளோடு நிற்கவில்லை. அது நல்லதற்கா என்று இதை எழுதும்போது எனக்குத் தெரியவில்லை.)

2

முதல் தொடக்கம்: "அந்தக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில், பூட்டிய அறைக்குள்ளிருந்து யாரோ கதவைத் தட்டுவதாகக் காவலாளி..."

நிறுத்திவிட்டேன். எழுதும்போதே முதுகு சில்லிட்டது, ஆனால் அது வசதியான பயம். எல்லாவற்றையும் ஒரு பேயின் தலையில் கட்டிவிட்டு நான் கழன்றுகொள்ளலாம். அந்தக் கட்டடத்தில் பேய் கிடையாது.

இரண்டாம் தொடக்கம்: "அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே வெளிச்சமான வீடு என்றால்..."

இதுவும் சரிப்படவில்லை. அங்கே ஜன்னல்கள் முழ அகலம்தான் இருக்கின்றன. பழங்காலக் கட்டடம் என்பதால் சட்டப்படி அவற்றைப் பெரிதாக்கக் கூடாது. அவளுக்குப் பிடித்த வீடு என்று தொடங்கினால் முதல் வரியே பொய்யாகிவிடும். அவளுக்குப் பிடித்திருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. நானும்தான்.

ஆகவே நடந்ததிலிருந்து தொடங்குகிறேன்.

3

விற்பனைப் பெண் சுவரை ஓங்கித் தட்டிக் காட்டினாள். மண் மூட்டையைத் தட்டியது போலிருந்தது.

"ரெண்டடிச் சுவர் சார். நடுவுல பூரா தக்கை. அந்தக் காலத்துல குளிர் வெளிய போகக் கூடாதுன்னு வெச்சது. இப்ப சத்தம் வெளிய போகாது. பக்கத்து வீட்ல கல்யாணமே நடந்தாலும் உங்களுக்குத் தெரியாது."

"கூப்பிடலன்னா எப்படியும் தெரியாதே!" என்றார் அத்தான். எல்லோரும் சிரித்தோம்.

"டாக்டரம்மா, மெஷினை எடு. இவங்க அளக்குறது நிஜமான்னு பாத்துருவோம்."

டாக்டரம்மா என்பது நான்.* ஒலி அளவியை ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கி வரச் சொன்னவரும் அவர்தான்.

"நீ உள்ள போ," என்றார் அக்காவிடம். "கதவைச் சாத்திட்டு நல்லா கத்து."

"என்னன்னு கத்துறது?"

"என்னைத் திட்டேன். சான்ஸ் கிடைக்கும்போதே திட்டிக்கோ."

அக்கா சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். கதவு மூடியது. வெளியே நாங்கள் மூன்று பேர். அளவியில் முப்பத்திரண்டு டெசிபல், அதாவது ஆளில்லாத நடைபாதை. அத்தான் என் தோளுக்கு மேலே குனிந்து எண்ணைப் பார்த்தார். அவருடைய மூச்சு என் கழுத்தில் பட்டது. முப்பத்திரண்டு முப்பத்திரண்டாகவே நின்றது.

கதவு திறந்தது.

"கத்தினியா?"

"கத்தினேனே." அவள் குரல் கரகரத்தது. கண் ஓரம் சிவந்திருந்தது.

"என்ன சொல்லிக்கா கத்தினே?" என்று நான் கேட்டேன்.

"அதெல்லாம் உனக்கெதுக்குடி பூனை?"

அவள் அங்கே கத்தியது எதுவென்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். வெறும் கூச்சலா? அல்லது ஒரு வாக்கியமா?

"மெஷின் என்ன சொல்லுது டாக்டரம்மா?"

"அசையவே இல்லை அத்தான்," என்றேன். "ரொம்ப நல்ல சுவர்."

உண்மையைத்தான் சொன்னேன். எண்களைச் சொல்லும்போது மட்டும் எனக்குக் கூச்சம் வருவதில்லை. மறுநாள் காலை அவர்கள் கையெழுத்துப் போட்டார்கள்.

* இயற்பியல் படித்துவிட்டு, காது ஆஸ்பத்திரியில் கேட்கும் திறனைச் சோதிக்கும் வேலை பார்க்கிறேன். டாக்டர் இல்லை. எத்தனை முறை சொன்னாலும் அத்தான் விடமாட்டார்.

4

இந்தக் கதையில் எனக்குச் சந்தேகமாக இருக்கும் பாத்திரம் அத்தான்.

மேலே எழுதியதைப் படித்துப் பார்த்தேன். நன்றாகப் பேசுகிறார். சிரிக்க வைக்கிறார். நீங்கள் அவரை விரும்பத் தொடங்கியிருப்பீர்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். எனக்கு வேலை கிடைத்தபோது இரண்டு மாதம் அவர்கள் வீட்டில்தான் தங்கினேன். ஆரஞ்சு உரித்தால் நார் எல்லாம் எடுத்து முதல் சுளையை எனக்குத்தான் தருவார். நான் பால் குடிக்க மாட்டேன் என்பதை என் அம்மா மறந்தாலும் அவர் மறந்ததில்லை.

அவரைக் கெட்டவராக எழுதினால் பொய். ஆரஞ்சோடு நிறுத்தினால் அதைவிடப் பெரிய...

கிடங்கைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது காரில் அவர் சொன்னதை மட்டும் எழுதுகிறேன்:

"இனிமே அந்தத் தையல்காரம்மா தொல்லை விட்டுச்சு. நினைச்ச நேரத்துக்குப் பெல் அடிக்க முடியாதுல்ல?"

ஜோக் சொல்லும் குரலில்தான் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. அக்கா வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

5

தையல்காரம்மா அவர்களுடைய இப்போதைய வாடகை வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரர். அங்கே சுவர் ஒற்றைச் செங்கல். பக்கத்து வீட்டில் மிக்சி ஓடினால் நம் வீட்டு டம்ளர் நடுங்கும்.

நான் முன்னறையில் படுப்பேன். சில நாட்கள், விளக்கு வைத்த கொஞ்ச நேரத்தில், படுக்கையறைக் கதவு சாத்தப்படும். [இங்கே ஒரு வாக்கியம் இருந்தது. எடுத்துவிட்டேன்.] அப்போது வாசல் மணி அடிக்கும். கழுத்தில் அளவு நாடாவோடு தையல்காரம்மா நிற்பார்.

"கத்தரிக்கோல் இருக்காம்மா? என்னுது எங்கயோ வெச்சுட்டேன்."

அக்கா முகம் கழுவிக்கொண்டு வந்து எடுத்துக் கொடுப்பாள். அவர் உடனே போக மாட்டார். தண்ணீர் கேட்பார். உட்கார்ந்து மெதுவாகக் குடிப்பார். மின்கட்டணம் எவ்வளவு வந்தது என்று அத்தானிடம் விசாரிப்பார். அத்தான் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்தக் கால் மணி நேரத்தில் வீட்டின் காற்று மாறிவிடும்.

ஒருமுறை ரவிக்கை தைக்கக் கொடுப்பதற்கு அவர் வீட்டுக்குப் போனேன். சுவரில் ஆணிகள். ஒவ்வொரு ஆணியிலும் ஒரு கத்தரிக்கோல்.

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். "கை நீளம் எவ்வளவு வைக்கட்டும்?" என்று கேட்டார்.

(டெசிபல் கணக்கில் பூஜ்யம் என்றால் சத்தமே இல்லை என்று பொருளல்ல. மனிதக் காது கேட்கத் தொடங்கும் இடம்தான் பூஜ்யம். அந்த அளவுகோல் முழுவதும் ஒரு காதை நம்பித்தான் நிற்கிறது. படித்த காலத்தில் இது எனக்கு வெறும் வரையறை. இப்போது சுவர்களைப் பார்த்தால் அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்றுதான் முதலில் யோசிக்கிறேன்.)

6

முடிவுகளை முயன்று பார்க்கிறேன்.

அ. அக்கா விற்பனை அலுவலகத்துக்குப் போன் செய்து, வெளிச்சம் போதவில்லை, வீடு வேண்டாம் என்கிறாள். அத்தான் அன்று மாலை ஆரஞ்சு உரித்துக்கொண்டே, சரி போகட்டும், வேறு பார்க்கலாம் என்கிறார். எனக்கு மிகவும் பிடித்த முடிவு. அத்தானை அறிந்தவள் என்பதால் இரண்டாவது வாக்கியத்தை நானே நம்பவில்லை.

ஆ. குடிபோகிறார்கள். இனி நான் தையல்காரம்மாவாகிறேன். வாரத்துக்கு இரண்டு முறை போய் மணியடித்து ஏதாவது இரவல் கேட்கிறேன். ஆனால் எப்போது அடிப்பது என்று அவருக்குத் தெரிந்தது. எனக்கு எப்படித் தெரியும்? முப்பத்திரண்டு டெசிபல் நடைபாதையில் நின்றுகொண்டு...

இ. குடிபோகிறார்கள். ஒருநாள் அக்கா போனை எடுக்கவில்லை. அவள்...

இதை என்னால் எழுத முடியாது.

7

இவ்வளவு எழுதி வைத்திருந்தபோது, இன்று மதியம் அக்கா ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டாள். கையில் திரைச்சீலைத் துணி மாதிரிகள்.

"பூனை, சாம்பல் நல்லாருக்கா, பச்சை நல்லாருக்கா? சீக்கிரம் சொல்லு. உனக்கு ரெண்டும் நல்லாருக்கும்னு தெரியும், ஒண்ணைச் சொல்லு."

"பச்சை."

"அவருக்குச் சாம்பல்தான் பிடிக்கும்." துணியை மடித்தாள். "அப்புறம், எனக்கு இந்த இடது காதுல ரெண்டு வாரமா கொய்ன்னு ஒரு சத்தம். சளியாத்தான் இருக்கும். பாத்துச் சொல்லேன்."

"எப்படிக்கா ஆரம்பிச்சுது?"

"சளி எப்படி ஆரம்பிக்கும்? மூக்குல."

அவளைச் சோதனை அறைக்குள் உட்கார வைத்து, ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னேன். கனமான கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து உட்கார்ந்தேன். கண்ணாடி வழியாக எனக்குப் பழிப்புக் காட்டினாள்.

வலது காதில் மெல்லிய ஒலிக்கே கை எழுந்தது. இடது காதுக்கு மாற்றினேன். முப்பது. நாற்பது. ஐம்பது. அக்கா கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, அவ்வளவு கவனமாகக் காத்திருந்தாள். கை மடியிலேயே இருந்தது. ஐம்பத்தைந்தில் பாதி எழுந்து, சந்தேகத்தோடு மறுபடி இறங்கியது.

சளியாலும் இப்படி ஆகலாம். நான் பார்ப்பது எண்கள் மட்டும்தான். எண் காரணம் சொல்லாது.

என் மேசையில் பேசுவதற்கு ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் என் குரல் நேராக அவள் காதுக்குள் போகும். இத்தனை நாளில் நான் அதில் சொன்னதெல்லாம் "அடுத்த காது", "முடிஞ்சுது", இவ்வளவுதான்.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். பொத்தானிலிருந்து விரலை எடுத்த இடத்தில் நிறுத்திவிடுவேன். அதற்கு மேல் எழுத எனக்கு உரிமையில்லை. அது அக்கா எழுத வேண்டியது. அவள் எழுதாவிட்டால், ஒற்றைச் செங்கல் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் நீங்கள்.

ஒலியை வலது காதுக்கு மாற்றினேன். பொத்தானை அழுத்தினேன்.

"அக்கா, கேக்குதா?"

கையைத் தூக்கிச் சிரித்தாள்.

"இப்ப நான் ஒண்ணு சொல்லப் போறேன். கேட்டா மட்டும் கையைத் தூக்கு."

தலையாட்டினாள். விரலை எடுக்கவில்லை.

"அத்தான் உன்னை அடிக்கிறாருக்கா."