கழுத்தைத் தொடுவதற்கு முன்

“யாராவது கேட்டா என்ன சொல்லுவே?”

“மாடிப்படியில வழுக்கி விழுந்துட்டேன்னு.”

“எத்தனை படி?”

“ஒரு எட்டு?”

“எட்டு படி உருண்டவ எழுந்து நடந்து வருவாளா? மூணுன்னு சொல்லு, போதும்.”

அன்று இருவரும் சிரித்துவிட்டோம். எங்கள் கார் விளக்குக் கம்பத்தில் மோதி இரண்டு மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. பட்டப்பகலில், ஓட்டிக்கொண்டிருக்கும்போதே என் கணவர் தூங்கிவிட்டார். அவர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். விஷயம் வெளியே தெரிந்தால் வேலை அன்றோடு போயிற்று. அதனால்தான் அந்த மூன்று படிகள்.

மூன்று வாரமாகியும் என் கழுத்து திரும்பவில்லை. யாராவது கூப்பிட்டால் உடம்போடு சேர்ந்து திரும்பினேன். “என்ன, ராணி மாதிரி திரும்பறே?” என்று கிண்டல் செய்த என் கணவர், அன்று மாலையே யாரிடமோ விசாரித்து ஒரு கைரோபிராக்டரிடம் நேரம் வாங்கிவிட்டார். மருந்தும் ஊசியும் இல்லாமல் முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையாலேயே சரிசெய்வார்களாம். அவர் பாஷையில் சொன்னால் ‘எலும்பு மெக்கானிக்’.

அங்கே ஒரு படிவம் கொடுத்தார்கள். நான் எடுப்பதற்குள் பேனாவை அவர் எடுத்துக்கொண்டார். தலைசுற்றல்? இல்லை. கை மரத்துப் போகிறதா? இல்லை. என் வலது கையில் இரண்டு விரல்கள் மரத்துக் கிடப்பதை அவரிடம் நான் சொல்லவே இல்லை. சொன்னால் அந்த முகம் தாங்காது. அண்மையில் விபத்து ஏதாவது? பேனா ஒரு நொடி நின்றது. பிறகு ‘இல்லை’ என்று எழுதி, பக்கத்தில் ‘படியில் வழுக்கியது’ என்றும் சேர்த்தார்.

உள்ளே இருந்த கைரோபிராக்டர் அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். கைகள் மட்டும் பெரியவை. படிவத்தை நிதானமாகப் படித்தார்.

“முதல் தடவையா? பயப்படாதீங்க. திருப்பும்போது டக்குன்னு சத்தம் வரலாம், எலும்பு உடையற சத்தம் இல்லை அது. மூட்டுக்குள்ள இருக்கற காத்து. எந்த நேரத்திலயும் நீங்க ‘வேண்டாம்’னா நிறுத்திடுவேன். எல்லாருக்கும் எல்லாம் செய்யமாட்டேன். சிலரை வேற டாக்டர்கிட்ட அனுப்பிடுவேன். அதுக்குத்தான் இவ்வளவு கேள்வி. எந்தப் பக்கமா விழுந்தீங்க?”

“இடது பக்கம்” என்றேன் நான்.

“வலது பக்கம்” என்றார் என் கணவர், அதே நேரத்தில்.

அந்த அம்மா இருவரையும் பார்த்தார். ரப்பர் சுத்தியலால் முழங்கையில் தட்டினார். தன் இரண்டு விரலை என் கையில் கொடுத்து அழுத்தச் சொன்னார். இடது கையால் அழுத்தினேன். வலது கையால் முக்கி முக்கி அழுத்தினேன்.

“இன்னும் பலமா.”

“இவ்வளவுதான்.”

“கொஞ்சம் வேகமா முடிச்சுடுங்க மேடம்” என்றார் என் கணவர்.

அந்த அம்மா என்னைக் கட்டிலில் மல்லாந்து படுக்கச் சொன்னார். பெரிய கைகள் இரண்டும் என் தலைக்கு அடியில் நுழைந்து தாடையை ஏந்தின. சட்டைக் கழுத்து விலகியிருக்க வேண்டும். தோளிலிருந்து நெஞ்சுக்குக் குறுக்கே ஓடிய, மஞ்சளாகக் கன்றிய தடத்தில் அவர் கண் நின்றது.

“படிக்கட்டு இப்படிக் கோடு போடாதும்மா. இது கார் சீட் பெல்ட்.” குனிந்து என் காதருகே பேசினார். “நான் போலீஸ் இல்லை. அடிபட்ட கழுத்துன்னு தெரியாம நான் திருப்பினா, இந்தக் கை மொத்தமா போகலாம். இன்னும் மோசமாகவும் ஆகலாம். கடைசியா ஒரு தடவை கேட்கறேன். என்ன நடந்தது?”

கூரையைத்தான் பார்க்க முடிந்தது. என் கணவரின் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

“சொன்னாளே மேடம், வழுக்கிட்டான்னு. ஆரம்பிங்க. மூணு மணிக்குப் பசங்க ஸ்கூல் கேட்ல நிப்பாங்க.”

பசங்க. பதினாலு பேர். எவன் எந்த ஜன்னலுக்குச் சண்டை போடுவான், எவளுக்கு வண்டியில் வாந்தி வரும் என்று எல்லாம் அவருக்கு மனப்பாடம். ஒரு வருஷமாக சாப்பாட்டுத் தட்டின் முன்னால் கண் சொருகுகிறார். சிக்னலில் சொருகுகிறார். நான் தொடையில் கிள்ளி எழுப்புவேன். வேனில் கிள்ள யார் இருக்கிறார்கள்?

“வேண்டாம்” என்றேன்.

கைகள் உடனே விலகின. எழுந்து உட்கார்ந்தேன். அறை ஒரு சுற்று சுற்றி நின்றது.

“கார் கம்பத்துல மோதிடுச்சு. என் விரல் ரெண்டும் மரத்துப் போச்சு. தலை சுத்துது.”

“உனக்கா?” அவர் எழுந்தே விட்டார். “என்கிட்ட ஏன் சொல்லலை?”

“உங்க மூஞ்சி இப்படி ஆகும்னுதான்.”

அந்த அம்மா படிவத்தைத் திருப்பிப் போட்டு எழுத ஆரம்பித்தார். “இன்னைக்கு நான் கை வைக்கறதா இல்லை. நேரா ஆஸ்பத்திரிக்குப் போய் ஸ்கேன் எடுங்க. கடிதம் தர்றேன். எப்படி மோதிச்சு?”

என் கணவர் என்னைப் பார்த்தார். கண்ணில் கெஞ்சல். இருபது வருஷத்தில் அந்தப் பார்வைக்கு நான் மாட்டேன் என்று சொன்னதே இல்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஈரமாக இருந்தது.

“என்னங்க, இனிமே அந்த வேனை எடுக்காதீங்க. இன்னைக்கே எடுக்காதீங்க. வேற யாரையாவது அனுப்பச் சொல்லி ஸ்கூலுக்குப் போன் பண்ணுங்க. உங்க தூக்கத்துக்கும் ஒரு டாக்டரைப் பார்க்கலாம். வாங்க.”