உயிரோடு இருப்பவர்களின் அறிவித்தல்

அலைவாய் ரீவியில் மழை பெய்தால் ஒரே மாடுதான் நனையும். கட்டுக்கரைக் குளக்கட்டில் நின்று வாலாட்டும் அந்தச் செவலை மாட்டைத் துஷாந்தன் எந்தக் காலத்திலோ படம் பிடித்து, கொம்பியூட்டரில் 'மழை' என்ற பெட்டிக்குள் போட்டு வைத்திருந்தான். மாரி வந்தாலும், புயல் வந்தாலும், வங்கக் கடலில் தாழமுக்கம் என்றாலும் அந்த மாடு வந்து நனைந்துவிட்டுப் போகும். 'வயல்' என்று ஒரு பெட்டி, 'கடல்' என்று ஒன்று, 'கூட்டம்' என்று இன்னொன்று. ஒரு கமராவையும் ஒரு மோட்டார்சைக்கிளையும் வைத்துக்கொண்டு மன்னார்த் தீவையும் பெருநிலத்தையும் சுற்றிச் செய்தி சொல்ல வேண்டிய கந்தோரில் வேறு என்னதான் செய்வது? சனம் ஒருநாளும் குறை சொன்னதில்லை. மாடும் சொன்னதில்லை.

வினை 'கூட்டம்' பெட்டிக்குள் இருந்து வந்தது.

தென்கரையில் கனிம மணல் அள்ள ஒரு கம்பனி வந்திருந்தது. மண்ணில் கைவைக்கும் முன்பே அலைவாய் ரீவியில் கைவைத்துவிட்டது என்று சொல்லலாம்; செய்திக்கு முன்னும் பின்னும் அவர்களுடைய விளம்பரம்தான். போன கிழமை அந்தக் கம்பனி ஒரு அறிக்கை அனுப்பியது. அந்தக் கரையில் இருக்கும் இன்னாசிக்குடா மக்கள் தங்களைப் பெருந்திரளாகத் திரண்டு வரவேற்றார்கள் என்று அதில் எழுதியிருந்தது. அலைவாயிலிருந்து ஒருவரும் அங்கே போகவில்லை. "அப்பிடியே போடுங்கோ" என்றார் முதலாளி கொன்ஸ்ரன்ரைன். செய்தி வாசிக்கும் சுவேதினி வாசித்தாள். படத்துக்குத் துஷாந்தன் 'கூட்டம்' பெட்டியைத் திறந்து, வீதியோரம் கைகூப்பிச் சிரித்துக்கொண்டு நிற்கும் பெண்கள் கொஞ்சப் பேரை எடுத்து ஒட்டினான். ஐந்து நிமிட வேலை.

புதன்கிழமை காலை, வெள்ளைச் சேட்டும் சாரமுமாக ஒரு மனிதர் கந்தோர் வாசலில் வந்து நின்றார். இன்னாசிக்குடாவில் கடல் தொழிலுக்குப் போகிற பேதுரு.

"பிள்ளை, என்ரை மனுசியைப் பாக்க வந்தனான்" என்றார்.

சுவேதினிக்கு விளங்கவில்லை. "ஆரண்ணை உங்கடை மனுசி? இஞ்சை வேலை செய்யிறவவோ?"

"இல்லைப் பிள்ளை. போன கிழமை உங்கடை செய்தியிலை வந்தவ. கம்பனிக்காரரைக் கும்பிட்டு வரவேற்றுக்கொண்டு நிண்டவ. றோசம்மா."

"இருங்கோ அண்ணை. அவவுக்கு என்ன?"

"அவ செத்து வருசம் திரும்பீட்டுது. செத்த அறிவித்தலை நீங்கள்தான் வாசிச்சனீங்கள்."

சுவேதினி கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினாள். பள்ளிமுனையில், தேவாலயத்துக்குப் பக்கத்தில் பிறந்தவள், வாய் ஒருபோதும் சும்மா கிடந்ததில்லை என்று தாயே சொல்லுவாள். அந்த வாயால் சாட்டுச் சொல்லிக்கொண்டு நிற்காமல், அவரைக் கூட்டிப்போய்த் துஷாந்தனின் கதிரைக்குப் பக்கத்தில் இருத்தி, செய்தியைப் போடச் சொன்னாள்.

மூன்றாவது வரிசையில், நீலச் சேலையில், றோசம்மா கைகூப்பிச் சிரித்துக்கொண்டு நின்றாள். அது இரண்டு வருடத்துக்கு முந்திய மாதா திருநாள் கொடியேற்றம். கொடிமரம் தெரிகிற பக்கத்தைத் துஷாந்தன் பக்குவமாக வெட்டியிருந்தான். பெண்களின் தலையில் கிடந்த முக்காட்டை வெட்ட அவனுக்குத் தோன்றவில்லை. பெருநிலத்து வயற்காரப் பொடியன். திருக்கேதீஸ்வரத்துத் திருவிழாவைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவான், தேவாலயத்து முக்காடு எது வெயிலுக்குப் போட்ட முந்தானை எது என்று அவனுக்கு எங்கே தெரியப் போகிறது?

"கம்பனிக்காரனைப் பாக்க எந்தப் பொம்பிளையடா முக்காடு போட்டுக்கொண்டு போவா?" என்று சுவேதினி பல்லைக் கடித்தாள். ஆனால் அவளும் அன்றைக்கு அந்தப் படத்தைப் பார்த்தவள்தான். பார்த்துக்கொண்டே வாசித்தவள். முக்காடு தெரிந்த கண்ணுக்கு அன்றைக்கு என்ன வந்தது?

"இன்னொருக்காப் போடு தம்பி" என்றார் பேதுரு.

துஷாந்தன் போட்டான். அவர் பார்த்தார். மறுபடியும் போடச் சொன்னார். பிறகு சாரத்தின் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சுவேதினியிடம் திரும்பினார்.

"கம்பனிக்காரர் இந்தச் செய்தியை அரசாங்கக் கந்தோரிலை பெரியவைக்குப் போட்டுக் காட்டியிருக்கினம். பாருங்கோ, சனத்துக்குச் சம்மதம் எண்டு. வெள்ளிக்கிழமை துளை போடுற மெசின் எங்கடை கரைக்கு வருதாம். அவ சாகுமட்டும் ஒரு கதைதான் கதைச்சவ பிள்ளை. மண்ணைக் குடுத்தால் கிணறு உப்பாப் போகும், குடுக்கக் கூடாது எண்டு. செத்தாப்பிறகு அவவைக் கொண்டே கும்பிட வைச்சிட்டியள்."

அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் சுவேதினி தாங்கியிருப்பாள்.

"இண்டைக்கு இரவு திருத்தம் வாசிப்பம் அண்ணை. நான் வாசிப்பன். வீட்டிலை இருந்து பாருங்கோ" என்றாள்.

வாக்குக் கொடுப்பது சுலபம். முதலாளி என்று ஒருவர் மாடியில் இருக்கிறார். கொன்ஸ்ரன்ரைன் கெட்ட மனிதர் அல்ல; பயந்த மனிதர். கெட்டவனோடு சண்டை பிடிக்கலாம், பயந்தவனோடு என்னத்தைப் பிடிப்பது? அவள் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ஆனைக்கும் அடி சறுக்கும் சுவேதினி. அதுக்காக ஆனை ஊரைக் கூட்டி மன்னிப்புக் கேக்குதோ?"

"ஆனை சறுக்கினால் ஆனைக்குத்தான் அடி சேர். இது ஊருக்கெல்லோ அடி."

"பிழை எண்டு நாங்களே சொன்னால் நாளைக்குச் சனம் மழைச் செய்தியையும் நம்பாது."

"அதை இப்பவும் ஒருத்தரும் நம்பிறேல்லை. மாட்டை எல்லாருக்கும் தெரியும்."

அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "கம்பனி விளம்பரத்தை நிப்பாட்டினால் உமக்கும் அடுப்பு எரியாது, துஷாந்தனுக்கும் எரியாது. ரீவியிலை போன செய்தி காத்தோடை போன செய்தி. விட்டுவிடும்."

அவள் விடவில்லை. பின்னேரம் செய்தி பதிவுசெய்யும்போது முதல் செய்தியாகத் திருத்தத்தை வாசித்தாள். செய்தி எப்போதும் ஐந்து மணிக்குப் பதிவாகும். கொன்ஸ்ரன்ரைன் பார்த்துத் தலையாட்டினால்தான் ஏழு மணிக்கு ஓடும். பார்த்தார். தலையாட்டவில்லை. "முதல் செய்தியை வெட்டும்" என்று துஷாந்தனிடம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். துஷாந்தன் வெட்டினான். வெட்டிவிட்டுச் சுவேதினியின் முகத்தைப் பார்க்காமல் தேத்தண்ணி குடிக்கப் போனான்.

ஏழு மணிக்குச் செய்தி ஓடியது. வணக்கம், விளம்பரம், வானிலை, விளம்பரம். முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைத்தாயிற்று. இன்னாசிக்குடாவில் பேதுரு ரீவிக்கு முன்னால் இருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பார் என்று நினைக்க நினைக்கச் சுவேதினிக்கு ஆத்திரம் தலைக்கேறியது. முதலாளி மேல் பாதி, தன் மேல் பாதி.

செய்திக்குப் பிறகு மரண அறிவித்தல். அதை மட்டும் பதிவுசெய்து வைக்க முடியாது. ஐந்து மணிக்கு முன்னர்தான் சாக வேண்டும் என்று சட்டம் போட முடியாதே. கடைசி நிமிடம் வரை போன் வரும். ஆகவே அது நேரடியாகவே போகும், முதலாளியின் தலையாட்டலும் அதற்குத் தேவையில்லை. மன்னாரில் செய்தி பார்க்காதவர்கள் இருக்கலாம். மரண அறிவித்தல் பார்க்காத வீடு கிடையாது. கோயில், பள்ளிவாசல், தேவாலயம் என்ற பேதமில்லாமல், எந்தச் செத்தவீட்டுக்குப் போக வேண்டும் என்று அறிய எல்லோரும் அந்த நேரம் வந்து குந்துவார்கள்.

அன்றைக்கு இரண்டு அறிவித்தல். சுவேதினி இரண்டையும் வாசித்து முடித்தாள். துஷாந்தன் விளம்பரத்துக்குப் போகக் கையை வைத்தபோது அவள் கமராவை விட்டுக் கண்ணெடுக்காமல் தொடர்ந்தாள்.

"இன்னாசிக்குடாவைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட பேதுரு றோசம்மா அவர்கள் கடந்த வருடம் கர்த்தருக்குள் நித்திரை அடைந்தார். அன்னார் பேதுருவின் பாசமிகு மனைவி ஆவார். அன்னார் மணல் கம்பனியை வரவேற்றதாகப் போன கிழமை எமது செய்தியில் காட்டினோம். அது பொய். அந்தப் படம் மாதா திருநாளில் எடுத்தது. அன்னார் கைகூப்பியது கொடிக்கு. அன்னாரும் அந்தப் படத்தில் நின்றவர்களும் கம்பனியை வரவேற்றதற்கு எம்மிடம் எந்த ஆதாரமும் இல்லை. நாம் அங்கே போகவேயில்லை. இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள், அதிகாரிகள் அனைவரும் ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம். தகவல், அலைவாய் ரீவி செய்திப் பிரிவு."

'அது பொய்' என்று அவள் சொன்ன உடனேயே துஷாந்தனின் போன் அடிக்கத் தொடங்கியிருந்தது. முதலாளிதான். துஷாந்தன் போனைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், பிறகு போனைக் கவிழ்த்து வைத்தான். பின்னேரம் வெட்டிய கை அது. அவள் முடிக்கும் வரைக்கும் அந்தக் கை எதையும் தொடவில்லை.

மறுநாள் கொன்ஸ்ரன்ரைன் வழமையை விட வெள்ளெனவே வந்துவிட்டார். மாடிக்கு ஏறாமல் நேரே சுவேதினியின் மேசைக்கு வந்தார்.

"மரண அறிவித்தலிலை அரசியல் கதைச்சிட்டீர். செத்தவையின்ரை நேரத்தை எடுத்துப்போட்டீர். இண்டையிலிருந்து நீர் அந்தக் கதிரையிலை இருக்க வேண்டாம்."

"செத்தவவைப் பற்றித்தான் கதைச்சனான் சேர்."

"சாமானை எடுத்துக்கொண்டு போம்."

அவள் அழவில்லை. அழுகை வந்ததுதான், இவருக்கு முன்னால் அழுவதா என்று ஒரு வீம்பு வந்து அதைத் தள்ளிவிட்டது. மேசையில் கிடந்த சீப்பையும் பவுடரையும் பையில் போட்டாள். சம்பளக் கணக்கை முடித்துத் தருகிறேன் என்று அவர் இரவு வரை இழுத்தடித்துக்கொண்டிருந்தார். இரவு வாசிக்க வேறு ஆள் தேடி அவர் எடுத்த போன்கள் ஒன்றும் சரிவரவில்லை.

ஏழு மணிக்கு, வாசிக்க ஆளில்லாமல் முதல்நாள் பதிவே திரும்பச் செய்தியாக ஓடிக்கொண்டிருந்தபோது, வெளியில் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் ஒன்று படபடவென்று வந்து நின்றது. பின்னால் பூட்டிய பெட்டி நிறையப் பெண்கள். முன்னால் பேதுரு. பெண்கள் இறங்கி நேரே உள்ளே வந்தார்கள். செருப்பைக்கூட வாசலில்தான் கழற்றி விட்டார்கள், அவ்வளவு மரியாதையும் அவ்வளவு பிடிவாதமும். முன்னுக்கு நின்றவள் அக்னேஸ், இன்னாசிக்குடாவில் கருவாடு போடுகிறவள். கொன்ஸ்ரன்ரைன் மாடியிலிருந்து இறங்கி வந்தார்.

"ஐயா, நேற்று றோசம்மாக்காவின்ரை பேரைச் சரியாக்கிப் போட்டியள். சந்தோசம்" என்றாள் அக்னேஸ். "அந்தப் படத்திலை அவவுக்குப் பக்கத்திலை நிக்கிறது நான். பின்னுக்கு நிக்கிறது இவை. எங்கடை பேரையும் வாசியுங்கோ. விடிஞ்சால் மெசின் வருது."

"அம்மா, அது மரண அறிவித்தல். உயிரோடை இருக்கிற ஆக்களின்ரை பேரை அதிலை வாசிக்கேலாது."

"ஏன் ஐயா?"

"அதுதான் முறை."

"அப்ப எங்களைப் பற்றி உண்மை சொல்லுறதுக்கு நாங்கள் சாகோணுமோ?"

கொன்ஸ்ரன்ரைன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். அக்னேஸ் பதிலுக்காகவே கேட்டவள், நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் நின்ற பெண்களும் பார்த்தார்கள். உள் அறையிலிருந்து துஷாந்தன் எட்டிப் பார்த்து, செய்தி முடியப் போகிறது, மரண அறிவித்தலை ஆர் வாசிக்கிறது என்று கேட்டான்.

சுவேதினி பையைக் கீழே வைத்தாள்.

"நீர் இப்ப வேலையிலை இல்லை" என்றார் கொன்ஸ்ரன்ரைன். அதட்டலாக ஆரம்பித்த வசனம் முடிகிறபோது கெஞ்சலாகிவிட்டது.

"ஓம் சேர். அதாலைதான் கதிரை வெறுமையாக் கிடக்கு."

அவள் அக்னேஸின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள். செய்தி வாசிக்கும் கதிரையில் இருத்தினாள். மைக்கை எடுத்து அவளுடைய சட்டையில் குத்தினாள். கொன்ஸ்ரன்ரைன் அறை வாசல் வரை வந்தார். அதற்குமேல் வரவில்லை, அவருக்கும் அந்தக் கதிரைக்கும் இடையில் இன்னாசிக்குடாப் பெண்கள் வரிசையாக நின்றார்கள்.

"என்னெண்டு சொல்லுறது பிள்ளை? எனக்கு உங்களைப் போலை வாசிக்கத் தெரியாதே" என்று அக்னேஸ் கிசுகிசுத்தாள்.

"வாசிக்க ஒண்டும் இல்லை அக்கா. அந்தக் கமராக் கண்ணாடியைப் பாத்துக் கதையுங்கோ."

துஷாந்தன் கையைக் காட்டினான். அக்னேஸ் சேலையை இழுத்து விட்டுக்கொண்டு நிமிர்ந்து இருந்தாள்.

"என்ரை பேர் அக்னேஸ். இன்னாசிக்குடா. நான் உயிரோடை இருக்கிறன். நான் சம்மதம் சொல்லேல்லை."

சொல்லிவிட்டு எழும்பி, அடுத்தவளுக்குக் கதிரையை விட்டாள்.