லிஸ்ட் நின்றிருந்த திரை

மூன்றாவது தடவையும் ஐந்து நிமிடம் முடிந்ததும் திரை கறுத்தது. ஒரு நொடி கழித்து மிஷினின் கன்ட்ரோல் போர்டு தானாக எழுந்துகொண்டு, ஒன்றும் தெரியாததுபோல அச்சுகளின் பட்டியலைக் காட்டியது. அந்த ஒரு நொடிக்குள் மேஜைமேல் இருந்த, மிஷினுக்குக் காற்றைத் திறந்துவிடும் ரிலே சுவிட்சின் சின்ன விளக்கு மின்னி அணைந்ததை ஜஸ்டின் பார்த்தான். காற்றழுத்தத்தில் ஓடும் பிரஸ் மிஷினில் இரும்புத் தலை கீழே இறங்க அவ்வளவு போதும். பத்து நாட்களுக்கு முன் பட்டறையில் அந்த மிஷினை ஓட்டும் கோமளாவின் வலது கையில் நான்கு விரல்கள் போனதும் அதனால்தான் என்று இப்போது அவனுக்குத் தெரிந்துவிட்டது. தெரியாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

காசு கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டாம், கரண்ட் போய் வந்தால் இரண்டே நொடியில் மிஷின் எழ வேண்டும் என்று முதலாளி ரவிச்சந்திரன் கேட்டபோது, நானே எழுதுகிறேன் என்று மார்தட்டியவன் ஜஸ்டின். மிஷினை எழுப்பிவிடும் முதல் நிரலான பூட்லோடரை முழுக்க, சிப்புக்கு நேரடியாகக் கட்டளையிடும் அசெம்ப்ளி மொழியில் எழுதினான். இந்தக் காலத்தில் இதையெல்லாம் யார் கையால் எழுதுகிறார்கள் என்று யாராவது வியந்தால் அவனுக்கு வாயெல்லாம் பல். பழைய போர்டுகளில் பிழைத்துக்கொண்டான். புதுப் போர்டிலேயே பொதிந்து வரும் அடிப்படை நிரலான ஃபர்ம்வேர் வேறு ரகம். பூட்லோடரிடம் பொறுப்பை ஒப்படைக்கும்போதே ஐந்து நிமிடக் கெடு ஒன்றையும் ஓடவிடும். அதற்குள் வேலை மேலே நகராவிட்டால், நிரல் செத்துவிட்டதென்று முடிவுகட்டி எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கும். கெடு வேண்டாம் என்று சொல்ல ஐந்தாறு வரி போதும். அவன் அதைப் படித்திருக்கிறான். அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டும் இருக்கிறான். சோதிக்கும்போதெல்லாம் பட்டியல் வந்த கையோடு பட்டனைத் தட்டிவிடுவான். தான் எழுதிய திரையின் முன்னால் ஐந்து நிமிடம் சும்மா உட்கார எந்தப் புரோகிராமருக்குப் பொறுமை இருக்கிறது?

அம்பத்தூரில் ரவிச்சந்திரனின் பட்டறையில் வேலை செய்கிறவர்களுக்கு அந்தப் பொறுமை தேவைப்பட்டது. அச்சு மாற்றுவதென்றால் மிஷினை ஒருமுறை அணைத்துப் போட்டு, பட்டியல் வந்ததும் இரும்புத் தலை சரியாமல் மேலேயே நிற்கக் காற்றைத் திறந்துவிட்டு, உள்ளே கைவிட்டு மாட்டுவார்கள். பட்டன் அமுக்கிப் பட்டியலில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால்தான் இரும்புத் தலை இறங்கும், அதுவரை பயமில்லை என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவனும் ஜஸ்டின்தான். வழக்கமாக இரண்டு மூன்று நிமிட வேலை. அன்று கோமளாவின் அச்சு இறுகிக்கொண்டு வர மறுத்தது.

மறுநாள் காலையில் ரவிச்சந்திரனிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவர் குரலை உயர்த்தவே இல்லை. கோமளாவின் வீடிருக்கும் வெள்ளானூருக்குக் காரில் போகும்போதுதான் பேசினார்.

"அந்த அஞ்சாறு வரியச் சேர்த்துடு. வெளில ஓடுற மிஷினுக்கெல்லாம் அப்டேட்னு சொல்லிப் போட்டுடலாம்."

"கோமளா, சார்?"

"அதுக்குத்தான லெட்டர். முழங்கை பட்டு பட்டன் அமுங்கிடுச்சு, என் கவனக்குறைவுன்னு அவளே எழுதிக் குடுத்துட்டா முடிஞ்சுது. ஜஸ்டின் சார் சொன்னா கையெழுத்துப் போடறேன்னிருக்கா. நீ வாயத் தொறந்தேன்னு வை, மொதல்ல உள்ள போறது நீதான்."

ஜஸ்டினுக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயத்தின் அடியில், இவர் சொல்கிறபடியே நடந்துவிட்டால் தேவலை என்ற ஆசையும் கிடந்தது. அதை நினைக்க அவனுக்கே அருவருப்பாக இருந்தது. ஆவடி தாண்டி வண்டி திரும்பும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான்.

புது அடுக்குமாடியின் பின்சுவரை ஒட்டி ஷீட் போட்ட வீடு. கோமளா கட்டுப்போட்ட கையை மடியில் தலையணைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர்களைக் கண்டதும் எழப் பார்த்தாள்.

"ஒக்காருங்க சார். ஊடு இப்டித்தான் கீது." பிறகு ரவிச்சந்திரனை விட்டுவிட்டு ஜஸ்டினை மட்டும் பார்த்தாள். "தூக்கமே வர்ல சார். கண்ண மூடுனா முழங்கைதான் நெனப்பு. பட்டுச்சா, படலியா? எனக்கு படலேன்னுதான் தோணுது. லிஸ்ட்டு அப்டியே நின்னுகினு இருந்துச்சு. நீங்கதான சொன்னீங்க, லிஸ்ட்டு நிக்கசொல்லோ மிஷினு தூங்குதுன்னு. அப்போ நான்தான் எங்கியோ இடிச்சிருக்கணும், இல்ல சார்?"

அவள் அவனைக் குற்றம் சொல்லவில்லை. அவன் சொன்ன வார்த்தையை நம்பி, தன் முழங்கையைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய பத்து நாள் தூக்கத்தைத் திருப்பித் தர ஒரே ஒரு வாக்கியம் போதும். அது அவனிடம் இருந்தது.

"அதெல்லாம் இப்ப எதுக்கும்மா?" என்றார் ரவிச்சந்திரன். கடிதத்தை ஸ்டூலில் வைத்து, சட்டைப்பையிலிருந்து மைப்பெட்டியை எடுத்தார். "இடது கை ரேகை வெச்சாப் போதும்."

"பன்னெண்டாவது படிச்சிக்கீறேன் சார். ரேகை வேணாம்."

இடது கையில் பேனாவை வாங்கிக்கொண்டாள். முதல் கோடு இழுத்ததுமே காகிதம் நகர்ந்துவிட்டது. பிடித்துக்கொள்ள இன்னொரு கை வேண்டும். கட்டுப்போட்ட கையைத் தூக்கப் பார்த்து, வலியில் முகம் சுருங்க இறக்கினாள்.

"சார், கொஞ்சம் புடிச்சிக்கிறீங்களா? நவுருது."

ஜஸ்டின் குனிந்து உள்ளங்கையைக் காகிதத்தின்மேல் வைத்தான். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு எழுதினாள். ஒவ்வோர் எழுத்துக்கும் நின்றாள். கொம்பு பெரிதாகவும் கால் சின்னதாகவும் வந்தது. அவள் மூச்சு அவன் மணிக்கட்டில் பட்டது. 'என் கவனக்குறைவால்' என்ற சொற்கள் அவன் கட்டைவிரலுக்குப் பக்கத்திலேயே இருந்தன.

"கோணலா கீது சார். பரவால்லியா?"

ரவிச்சந்திரன் காகிதத்தின் நுனியைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. "ஜஸ்டின்," என்றார் மெல்ல, சிரித்த முகத்தோடு. ஜஸ்டினின் கை எழவில்லை. கோமளா அந்தக் கையைப் பார்த்தாள், பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். ரவிச்சந்திரன் இன்னும் கொஞ்சம் பலமாக இழுக்க, காகிதம் ஓரத்தில் கிழியத் தொடங்கியது.