குழி காட்டும் கை

கூட்டமாகச் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. முன்னால் போகிறவர் சாலையில் குழியைக் கண்டால், அது எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்துக் கையை இறக்கிக் காட்டி, "குழி" என்று கத்த வேண்டும். பின்னால் வருகிறவருக்கு முன்னால் இருப்பவரின் முதுகுதான் தெரியும், சாலை தெரியாது. அவர் "சரி" என்று பதிலுக்குக் கத்த வேண்டும். முன்னால் போகிறவர் எக்காரணம் கொண்டும் திரும்பிப் பார்க்கக் கூடாது. தலை திரும்பினால் சக்கரமும் திரும்பும். பிறகு மொத்தக் கூட்டமும் ஒருவர் மேல் ஒருவராகச் சரிய வேண்டியதுதான்.

இதை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஜெபகுமார், ஒரகடத்தில் ஒரு பிரேக் கம்பெனி இன்ஜினியர். அவரையும் என்னையும் சேர்த்து ஆறு பேர். எல்லோருக்கும் ஞாயிறு லீவு. விடிந்ததும் பென்னலூர் பக்கம் திருமலையின் டீக்கடையில் கூடுவோம். அங்கிருந்து ஏரிக்கால்வாய்க் கரையோடு மதகு வரை போவோம். மதகில் தண்ணீர் குடித்துவிட்டு, ஒரகடம் போகும் ரோட்டை விட்டு இடப்பக்கம் திரும்பி மொட்டை மலை ஏறுவோம். மலை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். பாதியை ஜல்லிக்கு வெட்டியாயிற்று, மிச்சம் எங்களுக்கு. மேலே நின்றால் ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் தொழிற்சாலைக் கூரைகள். அங்கே நின்று ஆறு பேரும் ஒரு பாக்கெட் கடலைமிட்டாய்க்கு அடித்துக்கொள்வோம்.

பிறகு ஜெபகுமாரை குஜராத் பிளான்ட்டுக்கு மாற்றினார்கள். ஒருத்திக்குக் குழந்தை பிறந்தது. ஒருவருக்கு முட்டி வலி, இன்னொருவருக்கு ஜிம் ஆசை. எழிலரசன் மட்டும் "நெக்ஸ்ட் வீக் கட்டாயம் வரேன் சசி" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அவனுடைய நெக்ஸ்ட் வீக் எந்தக் காலண்டரிலும் அச்சாகவில்லை. ஊர் கூடித் தேர் இழுக்கலாம். ஊர் கலைந்த பிறகு நான் ஒருத்தி வடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

என் பெயர் சசிரேகா. கண்ணாடிக் கம்பெனியில் குவாலிட்டி செக்ஷன். நாள் முழுக்கக் கீறல் தேடுகிற வேலை. மனுஷங்ககிட்டயும் அதையேதான் தேடுறே, அதனால்தான் உனக்கு ஒருத்தரும் அமையலை என்று என் அண்ணி சொல்வாள். அவள் வாயில் சர்க்கரை போட வேண்டும். ஸ்ரீபெரும்புதூரில் ஓர் அறை வீட்டில் தனியாக இருக்கிறேன். சனிக்கிழமை ஷிப்ட் முடிந்து "பை" என்று சொன்னால், திங்கட்கிழமை காலை வரை என்னோடு பேச ஆள் கிடையாது. தனியாக இருப்பது வேறு, தனிமை வேறு என்று சொல்கிறவர்கள் என் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

ரூட்டை மட்டும் நான் விடவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் "நாளைக்கு யார் யார்?" என்று போடுவேன். நீல டிக் வரும், பதில் வராது. மறுநாள் தனியாகப் போவேன். கையும் பழக்கத்தை விடவில்லை. குழி வந்தால் தானாகக் கீழே இறங்கும். வாயும் "குழி" என்று கத்தும். பின்னால் "சரி" என்று ஒரு குரல் வராது.

திருமலைக்கு இது நல்ல பொழுதுபோக்கு. "இன்னாம்மா, யாருக்கு டாட்டா காட்டிகினு போறே? பேய்க்கா?" என்பார்.

"ஆமாம், உங்க டீயைக் குடிச்சு செத்தவங்களுக்கு" என்பேன்.

அவர் சிரிப்பார், நானும் சிரிப்பேன். கரை ஏறியதும் எனக்குச் சிரிப்பு நின்றுவிடும்.

இந்தக் கார்த்திகையில் ஒரு முடிவு எடுத்தேன். சுங்குவார்சத்திரத்தில் ஒரு பையன் என் சைக்கிளைக் கேட்டுக்கொண்டிருந்தான். ஞாயிறு சாயங்காலம் வந்து பார் என்று சொல்லிவிட்டேன். குரூப்பில் கடைசியாக ஒன்று போட்டேன்: "நாளைக்கு ஒருத்தராவது வந்தால் வண்டி எனக்கு. இல்லையென்றால் விற்றுவிடுவேன்." எழிலரசன் ஒரு அழுகிற முகம் போட்டான். மற்றவர்கள் அதுவும் போடவில்லை.

ஞாயிறு காலை திருமலை கடையில் இரண்டாவது டீயும் ஆறும் வரை காத்திருந்தேன். ஒருவரும் வரவில்லை. எழிலரசனுக்கு போன் செய்தேன், அணைத்து வைத்திருந்தான். கோபம் வந்தது. கோபம் என்று சொல்வது கௌரவத்துக்கு, அழுகைதான் வந்தது. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். இன்று கை காட்டுவதில்லை என்று முடிவு செய்தேன். இல்லாத ஆளுக்கு வழி சொல்ல நான் என்ன கிறுக்கியா?

கரை ரோடு முழுக்க மழைத் தண்ணீர். எது ஆழக் குழி, எது வெறும் ஈரம் என்று மேலே பார்த்தால் தெரியாது. எல்லாம் ஒரே மாதிரி வானத்தைக் காட்டிக்கொண்டு கிடக்கும். எனக்கு வெயில் காலத்திலேயே ஒவ்வொரு குழியும் மனப்பாடம். என் மெல்லிய டயருக்குப் பயந்து அந்தக் கரையில் மாட்டு வண்டி வேகத்தில்தான் போவேன். முதல் குழியில் கை இறங்கப் பார்த்தது. ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்தேன். இரண்டாவதிலும் அப்படியே. பனைமரத்துக்கு எதிரே இருக்கிற பெரிய குழியை வாயைத் திறக்காமல் ஒதுங்கிக் கடந்தேன். ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது.

கொஞ்ச தூரம் போயிருப்பேன். பின்னால் தண்ணீர் அடிக்கும் சத்தம், இரும்பு உருளும் சத்தம், "யம்மா" என்று ஒரு குரல். சட்டத்தை மீறித் திரும்பிப் பார்த்தேன்.

கூப்பிடு தூரத்தில் பழைய லேடீஸ் சைக்கிள் ஒன்று பனைமரக் குழிக்குள் மூக்கைக் குத்திக் கிடந்தது. பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதிருக்கும். ஹவுஸ்கீப்பிங் ஆட்கள் போடும் நீலக் கோட்டும் கழுத்தில் ஐடி கார்டும். முழங்கை சிராய்த்திருந்தது. டிபன் பாக்ஸ் திறந்து, எலுமிச்சைச் சோறு சேற்றில் கொட்டியிருந்தது.

ஓடிப் போய்த் தூக்கினேன். "ரொம்ப அடியா? கையை மடக்க முடியுதா?"

அவள் கையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "இன்னாக்கா, இன்னிக்கு கையே காட்டல?"

எனக்குப் புரியவில்லை. "என்ன கை?"

"குழிக்கு காட்டுவீங்கள்ல? ஞாயித்துக்கெழம கம்பெனி பஸ் கெடையாதுக்கா. ஒரகடத்துக்கு ஓவர்டைம் பாக்க சைக்கிள்லதான் போவணும். இந்த ரோட்ல ரெண்டு தபா வுழுந்து வாரினேன். அப்பறம் பார்த்தா முன்னாடி நீங்க போய்கினு கீறீங்க. கை இந்தாண்ட எறங்குனா நான் அந்தாண்ட ஒதுங்கிக்குவேன். போன மழைலேர்ந்து உங்க கையப் பார்த்துகினுதான் வரேன்."

"ஒருநாள் கூட கூப்பிடலியே?"

"எங்க கூப்புட்றது? மதகாண்ட நீங்க தண்ணி குடிக்க நிக்கும்போது எட்டிப் புடிக்கலாம்னு மிதிப்பேன். அதுக்குள்ள மல பக்கம் திரும்பிடுவீங்க. எனக்கு கம்பெனில கார்டு பஞ்ச் பண்ண டைம் ஆயிடும்." கோட்டின் நுனியால் முழங்கையைத் துடைத்தாள். குரலை இறக்கிக் கேட்டாள்: "எம்மேல எதுனா கோவமாக்கா?"

நான் அங்கேயே அழுதேன். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அடி பட்டவள் அவள், அழுகிறவள் நான். "அய்ய, எனக்கு ஒண்ணும் இல்லக்கா, வுடு" என்று என் முதுகைத் தட்டினாள். "உன் மேல இல்லம்மா" என்று மட்டும் சொன்னேன். இத்தனை ஞாயிறும் பின்னால் ஆள் இல்லை இல்லை என்று நான் நெஞ்சு வெந்துகொண்டிருந்தபோது, அவள் இருந்திருக்கிறாள். நான் கையை மடக்கிக்கொண்ட ஒரே நாளில் விழுந்திருக்கிறாள்.

அவள் பெயர் மாரி. கால்வாய்க்கு அக்கரையில் வீடு. என் தண்ணீர் பாட்டிலில் முழங்கையைக் கழுவினேன். சைக்கிளின் முன்சக்கரத்தை முட்டிக்கு நடுவே இறுக்கிக்கொண்டு, கோணியிருந்த ஹேண்டில்பாரைத் திருகி நேராக்கினேன். மலை உச்சிக்கென்று வைத்திருந்த கடலைமிட்டாய் பாக்கெட்டை அவள் டிபன் பாக்ஸில் போட்டேன். சுங்குவார்சத்திரத்துப் பையனுக்கு, வர வேண்டாம், வண்டி விற்பதாக இல்லை என்று மெசேஜ் அனுப்பினேன்.

"நீங்க மலைக்குப் போவலியா?" என்றாள்.

"இன்னிக்கு ஒரகடம். உன் கம்பெனி கேட் வரைக்கும் வரேன். வா."

நான் முன்னால், அவள் பின்னால். மதகுக்கு முன் இருக்கும் குழி வந்தது. கையை இறக்கினேன். "குழி!" என்று கத்தினேன்.

பின்னால் ஒரு சத்தமும் இல்லை. கொஞ்ச தூரம் மிதித்தேன், மனசு கேட்கவில்லை. திரும்பாமலே சொன்னேன்: "மாரி, நான் குழின்னா நீ சரின்னு சொல்லணும். அப்பத்தான் நீ வர்றேன்னு எனக்குத் தெரியும்."

"அத்த வேற சொல்லணுமா?" என்றாள் அவள். "நான் எப்பவும் பின்னாடிதானக்கா வந்துகினு கீறேன்."

அடுத்த குழி வந்தது. கையை நன்றாக நீட்டிக் காட்டினேன்.