சாவு வீட்டுக் கேக்

அன்று அந்த வீட்டில் இருந்தவர்கள் ஏழு பேர். கருங்கல்லை அடுத்த ஊரைச் சேர்ந்த, ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் சுந்தரராஜ். அவருடைய மருமகள் ஸ்மைலின். பேத்தி ரெஜிஷா, ஆறு வயது. பெனினோடு வேலை செய்த மார்த்தாண்டத்துக்காரன் அபிலாஷ். பக்கத்து வீட்டு ஐரிஷ் கிழவி நோரா. தெருமுனையில் கடை வைத்திருக்கும் இங்கிலாந்துக்காரி மார்கரெட். ஏழாவது ஆள் சுந்தரராஜின் ஒரே மகன் பெனின். அவன் முன்னறையில் பெட்டிக்குள் கிடந்தான்.

இவர்களைத் தவிர வேறு ஒரு குஞ்சு குருவி அங்கே இல்லை. ஆனால் அயர்லாந்தில் அந்தச் சாயங்காலம் என்ன நடந்தது என்று ஊரில் நூறு பேர் பேசுகிறார்கள். பேசிப் பேசியே ஸ்மைலினின் பேரைச் சாக்கடையில் போட்டாயிற்று.

சுந்தரராஜ் மூன்று மாத விசாவில் டிசம்பர் முதல் வாரம் போய்ச் சேர்ந்தார். மகன் முதியோர் இல்லத்தில் சமையல்காரன் என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. ஊரில் அவர் எல்லோரிடமும் 'ஆஸ்பத்திரி நிர்வாகம்' என்று சொல்லி வைத்திருந்தார். மூன்று தலைமுறையாகச் சபைக் கமிட்டியில் இருக்கிற குடும்பம்; எம்.காம். படித்த பிள்ளை அடுப்படியில் நிற்கிறான் என்பதை அவர் யாருக்கும் எழுதவில்லை, போனிலும் சொல்லவில்லை.

பெனினுக்கு அதில் கூச்சம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. வேலை முடிந்து வரும்போது தினமும் ஒரு பொட்டலம் கொண்டு வருவான். மொறுமொறுவென்று பொரித்த மீன்மேல் வினிகர் தெளித்துத் தருவான். கிறிஸ்துமஸ் வாரத்தில் உள்ளங்கை அளவு பலகாரம் ஒன்றைத் தட்டில் வைத்தான். 'மின்ஸ் பை' என்றான். மின்ஸ் என்றால் கொத்திய இறைச்சி என்று நாற்பது வருடம் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தவருக்குத் தெரியாதா? உப்பும் காரமும் எதிர்பார்த்துக் கடித்தவர் வாயில் உலர்ந்த திராட்சையும் பட்டையும் ஆரஞ்சுத் தோலும் இனித்தன.

"இறைச்சி இல்லப்பா, பழமாக்கும்," என்று பெனின் சிரித்தான். "பேரு மட்டும்தான் அப்படி. எப்படி இருக்கு?"

"திங்கலாம்," என்றார் சுந்தரராஜ்.

இன்னொரு நாள் சிவப்பும் வெள்ளையுமாகச் சின்ன முட்டாய்கள். வாயில் போட்டால் கிராம்பு. பல்வலிக்கு வைக்கிற சாமானை எவன் முட்டாயாகச் செய்வான்?

"மாறாமலைக் கிராம்புத் தோட்டத்துப் பக்கம் போனா அடிக்குமே, அந்த மணம் இல்லியா?" என்றான் பெனின். "மார்கரெட் கடையில வாங்குவேன். வேலைக்குப் போகும்போ ஒண்ணு வாயில கிடக்கணும்."

"கிராம்பு தின்னவா இவ்வளவு தூரம் வந்த?" என்றார் அவர். மகன் செய்ததையோ வாங்கியதையோ 'கொள்ளாம், நல்லா இருக்கு' என்று ஒரு வாய் சொன்னதில்லை. சொன்னால் சமையல் வேலையை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தார்.

ஜனவரி நடுவில் ஒரு காலை, தெருவெல்லாம் கண்ணாடி மாதிரி உறைந்து கிடந்தது. வேலைக்குச் சைக்கிளில் போன பெனின்மேல் வளைவில் வழுக்கிய கார் ஒன்று மோதியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் முன்பே உயிர் போய்விட்டது.

உடலைப் பரிசோதித்துக் கொடுக்க ஆறு நாள் ஆயிற்று. ஏழாம் நாள் மத்தியானம் பெட்டி வீட்டுக்கு வந்தது. மறுநாள் விமானம். அந்த ஊரில் செத்தவரை ஒரு பொழுதாவது வீட்டில் வைத்துத்தான் அனுப்புவார்களாம். பெட்டியின் தலைமாட்டில் ஒரு மெழுகுவர்த்தியைப் பொருத்தி வைத்துவிட்டுப் போனார்கள்.

சுந்தரராஜ் இரண்டு நாளாகப் பால் விடாத கட்டன் சாயா தவிர எதையும் தொடவில்லை. மாடியில் வேதப்புத்தகத்தோடு இருந்தவர் கீழே பேச்சுச் சத்தம் கேட்டு இறங்கி வந்தார். பாதிப் படியில் நின்றுவிட்டார்.

பெட்டிக்கு அந்தப்பக்கம் மேசை. மேசைமேல் தட்டுத் தட்டாகப் பலகாரம். நடுவில் உயரமான கேக், மேலே சீனிப்பொடி தூவி, இடையில் சிவப்பாக ஜாம் பூசி. ஸ்மைலின் கையில் கத்தி. பக்கத்தில் மெழுகுவர்த்தி எரிகிறது. ரெஜிஷா மேசையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்க்கிறாள். நோரா ஏதோ சொல்ல, ஸ்மைலின் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கேக்கில் கத்தியை இறக்கினாள்.

நம் ஊரில் சாவு வீட்டில் அடுப்பு எரியாது. உறவுக்காரர் கஞ்சியும் பயறும் கொண்டு வருவார்கள். இனிப்பு வாசற்படி தாண்டாது. கத்தியும் கேக்கும் மெழுகுவர்த்தியும் ஒரே மேசையைச் சுற்றி இருந்தால் அதற்கு ஒரு அர்த்தம்தான் உண்டு. சுந்தரராஜ் மறுபடி மாடிக்கு ஏறவில்லை, அந்த அறைக்குள்ளும் வரவில்லை. சமையலறை வழியாகப் பின்பக்கம் போய், பனிக்காற்றில் செருப்பில்லாமல் நின்று, தங்கை ராஜபாய்க்குப் போன் போட்டார்.

"எனக்க மவன் பெட்டியில கிடக்கான், அவ கேக் வெட்டுகா," என்றார். "பல்லக் காட்டிச் சிரிக்கா."

"கேக்கா? என்னத்துக்கு அண்ணே?"

"எனக்கெப்படித் தெரியும்? அவள்ட்ட கேளு," என்று போனை வைத்துவிட்டார்.

அவ்வளவுதான் பேசினார். ஒரு நிமிஷம்கூட இருக்காது.

அவரைத் தேடி அபிலாஷ் பின்பக்கம் வந்தான். "மாமா, காலு விறைச்சுப் போவும். உள்ள வாருங்க. உங்களுக்குத்தான் எடுத்து வச்சிருக்கு."

"எனக்கு என்னத்துக்குலே கேக்கு? யாருக்க பிறந்தநாளு?"

அபிலாஷ் ஒரு நொடி விழித்தான். பிறகுதான் அவனுக்குப் புரிந்தது. "ஐயோ மாமா, பிறந்தநாளா? இங்க சாவு வீட்டுக்கு இதாக்கும் கொண்டு வருவாவ. நம்ம ஊருல கஞ்சி மாதிரி. அந்தக் கிழவி காலையில அஞ்சு மணிக்கு அடுப்பு பத்த வச்சிருக்கு."

உள்ளே வந்து உட்கார்ந்தார். ஸ்மைலின் தட்டை நீட்டினாள். அவள் கண்ணிமை இரண்டும் புண்ணாகி வீங்கியிருந்ததை அப்போதுதான் பக்கத்தில் பார்த்தார்.

"மாமா, ரெண்டு நாளா நீங்க ஒண்ணும் தின்னல்ல. சுகரு தாழ்ந்துரும். கொஞ்சம் தின்னுங்க. உங்களுக்குன்னுதான் வெட்டினேன்."

"எதுக்குட்டி சிரிச்ச?"

அவள் அதை ஒளிக்கவில்லை. "இங்க வந்த புதுசில உங்க மவன் இல்லத்துக் கிழவங்களுக்குக் கிழங்கு மசியல்ல பச்சமிளகா போட்டுட்டாவளாம். தொண்ணூறு வயசுக் கிழவன் ஒருத்தன் கண்ணு நிறைஞ்சு அழுதுட்டே இன்னும் ஒரு கரண்டி கேட்டானாம். அத நோரா சொன்னாவ. எனக்குச் சிரிப்பு வந்துட்டு மாமா."

நோரா முதலில் பிராக் என்ற ரொட்டியைக் கொடுத்தாள். சாயாவில் ஊறவைத்த திராட்சை, மேலே விரல் கனத்துக்கு வெண்ணெய். அவள் பேசும் ஆங்கிலம் சுந்தரராஜுக்குப் பாதிதான் பிடிபட்டது. அபிலாஷ் எடுத்துச் சொன்னான். வெள்ளிக்கிழமைதோறும் பெனின் இல்லத்தில் இதைச் செய்வானாம். கிழவியிடம்தான் கற்றானாம். பல் இல்லாதவர்களுக்குப் பாலில் ஊறவைத்து ஊட்டியும் விடுவானாம்.

பிராக்கைக் கொஞ்சம் பிய்த்துத் தின்றார். பிறகு மார்கரெட் கொண்டு வந்த கேக்கில் ஒரு துண்டு. பஞ்சு மாதிரி நாக்கில் கரைந்தது. ஜாமின் புளிப்பு தாடையைக் கூசச் செய்தது. இரண்டு நாள் காய்ந்து கிடந்த வயிறு கேட்டது. இரண்டாவது துண்டை எடுத்தார். மூன்றாவதை அவராகவே வெட்டிக்கொண்டார். பெற்ற மகன் இரண்டு முழம் தள்ளிக் கிடக்கிறான், வாய்க்கு ருசிக்கிறது. அந்த ருசிதான் அவரை உடைத்தது. நோரா முகத்தைப் பார்த்து, "கொள்ளாம்," என்றார். அவளுக்குப் புரியவில்லை. பெட்டிப் பக்கம் திரும்பி இன்னொரு தடவை சொன்னார்.

தங்கைக்கு மறுபடி போன் போட்டிருக்க வேண்டும். 'நான் பார்த்தது தப்பு' என்று மூன்று வார்த்தை. போடவில்லை. சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கிப் பழக்கமில்லாத மனிதர்.

திருவனந்தபுரம் விமான நிலையத்திலிருந்து ஆம்புலன்ஸ் ஊருக்குள் நுழைவதற்கு முன்பே அந்தப் பேச்சு வீடு வீடாகப் போய்ச் சேர்ந்திருந்தது. ஸ்மைலின் இறங்கியபோது ஒரு பெண்ணும் அவளைக் கட்டிப் பிடித்து அழவில்லை. வழிவிட்டு ஒதுங்கினார்கள்.

"கேக் வெட்டினவளுக்குக் கண்ணீரு எங்கேருந்து வரும்?" என்றாள் ராஜபாய், கேட்கும்படியாகவே.

கல்லறைத் தோட்டத்தில் ராஜபாய் ரெஜிஷாவின் கையைப் பிடித்து முன்னால் கொண்டு போனாள். தாய்க்கு இடம் விடாமல் முதுகைக் காட்டி நின்றாள். ஸ்மைலின் தன் புருஷனுக்கு ஒரு பிடி மண் போட்டது, பந்தல்காரனும் போட்ட பிறகு.

வீட்டுக்கு வந்ததும் அவள் மாமனார் முன்னால் நின்றாள். அவளுடைய அம்மா நேசபாய் கதவோரம் நின்றாள்.

"மாமா, நீங்க அங்க இருந்தீங்கல்லா. ஒரு வார்த்த சொல்லுங்க."

கூடம் நிறைய ஆள். சொன்னால், முதலில் இதைக் கிளப்பியது யார் என்ற கேள்வி வரும். சுந்தரராஜ் தோளில் கிடந்த துண்டைச் சரி செய்தார். "இப்போ வேண்டாம். ஆளெல்லாம் போவட்டு. பிறகு பேசலாம்," என்றார்.

நேசபாய் மகளின் பையை எடுத்தாள். "வா மக்கா. இவிய மானம் பெரிசு. அது கூட்டத்துல இறங்காது."

நான்காம் நாள் ஸ்மைலின் குழந்தையோடு விமானம் ஏறினாள். அதன் பிறகு அவள் வீடியோ போனில் பேத்தியின் முகத்தைச் சுந்தரராஜுக்குக் காட்டவில்லை. ஊரில் கதை மட்டும் கை கால் முளைத்து நடந்தது. காப்பீட்டுப் பணம் வரப்போகிற சந்தோஷத்தில் கேக் வெட்டினாள் என்றார்கள். அபிலாஷுக்கு ஊட்டிவிட்டாள் என்றார்கள். நேசபாய் சபைக் கோயிலுக்குப் போவதை நிறுத்தினாள்.

முப்பதாம் நாள் நினைவு ஜெபத்துக்குப் போதகர் வந்திருந்தார். ஜெபம் முடிந்து கஞ்சிக்கு எழுந்தவர்களைச் சுந்தரராஜ் கையமர்த்தி உட்கார வைத்தார். பள்ளிக்கூடத்தில் நிற்கிற மாதிரி நிமிர்ந்து நின்றார்.

"ராஜபாய்க்குப் போன்ல சொன்னது நானாக்கும். கேக் தெருமுனைக் கடைக்காரி கொண்டு வந்தது. பட்டினி கிடந்த எனக்குத் தர மருமவ வெட்டினா. அவ வாயில ஒரு துணுக்கு வைக்கல்ல. எனக்க மவனுக்க பெட்டிக்குப் பக்கத்துல இருந்து மூணு துண்டு தின்னது நான். மவன் அங்க அடுப்படியில நின்ன சமையல்காரன். அதையும் நான் உங்கள்ட்ட மறைச்சேன்."

ராஜபாய் எழுந்து உள்ளே போய்விட்டாள். அவர் அன்றே ஸ்மைலினுக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. அதற்குப் பிறகும் எடுக்கவில்லை.

ஊரில் இப்போது வேறு மாதிரிச் சொல்லுகிறார்கள்: குடும்ப மானத்தைக் காப்பாற்றக் கிழவர் பழியைத் தன் தலையில் எடுத்துப் போட்டுக்கொண்டார், சபைக்கு முன்னால் பொய் சொல்லிவிட்டார் என்று. அது தவறு. அவர் சொன்னது முழுவதும் உண்மை. தின்றது அவர்தான், மூன்று துண்டு.